மாதவிடாய் ‘ஒழுங்காக’ இருப்பது என்றால் என்ன? ஓர் எளிய விளக்கம்

சில ஆண்டுகளுக்கு முன் என் அக்காவுடன் மகளிர் மருத்துவரிடம் போயிருந்தேன். அக்காவுக்குப் பல மாதங்களாகக் களைப்பு. ஒரு மாடி ஏறுவதற்குள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிடுவார். தலைவாரும்போது முடி சீப்போடு வந்துவிடும். “மாதவிடாய் எப்படி இருக்கிறது?” என்று மருத்துவர் கேட்டார். “அதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது டாக்டர், தேதி தவறாமல் வந்துவிடும்” என்றார் அக்கா.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வேறு விதமாகக் கேட்டார். “இரண்டாம் நாள், காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை எத்தனை நாப்கின் மாற்றுவீர்கள்?” அக்கா விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனதும் எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இரவில் இரண்டு முறை எழுந்து மாற்றுவது, படுக்கையில் தடித்த துணியை மடித்துப் போட்டுக்கொள்வது, அந்த நாட்களில் வெளிர்நிற உடை உடுத்தாமல் தவிர்ப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. “இருபது வருடங்களாக இப்படித்தான் டாக்டர். எல்லோருக்கும் இப்படித்தானே இருக்கும்?”

மறுநாள் வந்த பரிசோதனை அறிக்கையில் ஹீமோகுளோபின் 8.2 என்று இருந்தது.

எல்லோருக்கும் இப்படித்தானே என்ற அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவே இல்லை. ஒருவருக்குக் காய்ச்சல் 102 என்றால் அது அதிகம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாதவிடாய்க்கு அப்படி ஓர் அளவை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. அடுத்தவருக்கு எவ்வளவு போகிறது என்று பார்க்கவும் வழியில்லை. பதின்மூன்று வயதில் எப்படித் தொடங்கியதோ, அதையே சரியான அளவு என்று எடுத்துக்கொண்டு வாழ்ந்துவிடுகிறோம். பழகிப்போன ஒன்று இயல்பானதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தேவையான அளவுகளை இங்கே என்னால் இயன்றவரை எளிமையாகச் சொல்கிறேன்.

நாள் கணக்கு, அளவுக் கணக்கு

மாதவிடாயைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? எத்தனை நாள் நீடிக்கிறது? எவ்வளவு போகிறது? ‘ஒழுங்காக இருக்கிறது’ என்று சொல்லும்போது நாம் பெரும்பாலும் முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்கிறோம்.

அந்த முதல் கேள்வியிலும் ஒரு சிறு குழப்பம் உண்டு. இரத்தப்போக்கு நின்ற நாளிலிருந்து எண்ணுபவர்கள் பலர். எண்ண வேண்டியது தொடங்கிய நாளிலிருந்து. முப்பது நாள் கொண்ட மாதத்தின் 3ஆம் தேதி தொடங்கி, அடுத்த மாதம் 1ஆம் தேதி மீண்டும் தொடங்கினால் அந்தச் சுழற்சி 28 நாள். வயதுவந்த பெண்களுக்கு 24 முதல் 38 நாள் வரை எதுவும் இயல்பானதே. பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் 21 முதல் 45 நாள் வரை ஏறி இறங்கலாம். முட்டை வெளிவரும் ஒழுங்கு அமைவதற்கு அந்த வயதில் கொஞ்சம் காலம் பிடிக்கிறது. ஒரு மாதம் 27, அடுத்த மாதம் 31 என்று வந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. 28 என்பது சராசரியை ஒட்டிய ஓர் எண். அதிலிருந்து இரண்டு நாள் தள்ளிப்போனதும் பதறும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பதற்றம் தேவையே இல்லை.

இரண்டாம் கேள்விக்கு விடை சுலபம். எட்டு நாள் வரை சரி. அதற்கு மேல் நீடித்தால் கேட்க வேண்டும்.

மூன்றாவதுதான் சிக்கலான கேள்வி. 1966இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் ஆய்வாளர்கள், பெண்கள் பயன்படுத்திய நாப்கின்களை வாங்கி, அவற்றிலிருந்த இரத்தத்தை வேதியியல் முறையில் பிரித்து அளந்தார்கள். சராசரியாக ஒரு மாதவிடாயில் சுமார் 40 மில்லிலிட்டர் இரத்தம்தான் போயிருந்தது. 80 மில்லிலிட்டரைத் தாண்டியவர்களிடம் இரத்தசோகை அதிகமாகக் காணப்பட்டது. ‘அதிக இரத்தப்போக்கு’ என்பதற்கு 80 மில்லி என்ற எல்லைக்கோடு வந்தது இப்படித்தான். வெளியேறும் திரவத்தில் இரத்தம் ஏறக்குறைய பாதிதான். மீதி கருப்பை உட்சுவரின் திசுவும் நீரும். கண்ணுக்குத் தெரியும் அளவும் உண்மையில் இழக்கும் இரத்தமும் ஒன்றல்ல என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் யாரும் மில்லிலிட்டர் அளக்கப் போவதில்லை. அதனால் இன்றைய மருத்துவம் வேறு விதமாகக் கேட்கிறது. அந்த இரத்தப்போக்கு உங்கள் அன்றாட வாழ்க்கையை முடக்குகிறதா? முடக்கினால் அது அதிகம்தான். அதற்கு வீட்டிலேயே தெரியும் அடையாளங்கள் உண்டு: ஒரு மணி நேரத்திலோ இரண்டு மணி நேரத்திலோ ஒரு நாப்கின் முழுக்க நனைந்து, தொடர்ந்து பல மணி நேரம் அப்படியே போவது, ஒரே நேரத்தில் இரண்டு நாப்கின் வைக்க வேண்டியிருப்பது, தூக்கத்தைக் கலைத்து எழுந்து மாற்றுவது, சுமார் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அகலமான இரத்தக் கட்டிகள் விழுவது, உட்கார்ந்து எழுந்ததும் நாற்காலியைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் வந்துவிடுவது. கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் என் அக்கா அதைச் சொன்னபோது மருத்துவர் அதையும் குறித்துக்கொண்டார்.

இரும்பு எங்கே போகிறது

இரத்தம் போனால் உடல் புதிதாக ஊற வைத்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். ஊற வைக்கும்; அதற்கு இரும்பு வேண்டும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் சிக்கல் எங்கே இருக்கிறது என்று உடனே புரியும்.

ஹீமோகுளோபின் என்பது இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் புரதம். அதன் ஒரு கிராமில் ஏறக்குறைய 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஹீமோகுளோபின் 12 உள்ள பெண்ணின் 100 மில்லி இரத்தத்தில் 12 கிராம் ஹீமோகுளோபின், அதாவது சுமார் 40 மில்லிகிராம் இரும்பு. மாதம் 35 மில்லி இரத்தம் போகிறவர் சுமார் 14 மில்லிகிராம் இழக்கிறார். அதை 28 நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு அரை மில்லிகிராம். 80 மில்லி போகிறவருக்கு அது ஒரு மில்லிகிராமைத் தாண்டுகிறது. 160 மில்லி என்றால் இரண்டேகால் மில்லிகிராமுக்கு மேல். இதற்குமேல் தோலும் குடல் உட்சுவரும் உதிர்வதால் எல்லோருக்கும் தினமும் போகும் ஒரு மில்லிகிராமையும் சேர்க்க வேண்டும்.

வரவு எவ்வளவு? நாம் உண்ணும் உணவில் எவ்வளவு இரும்பு இருந்தாலும், குடல் உறிஞ்சுவது பொதுவாக நாளொன்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு மில்லிகிராம்தான். பற்றாக்குறை வரும்போது குடல் கூடுதலாக உறிஞ்சும், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. மாதாமாதம் செலவு வரவைத் தாண்டினால் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டியதுதான். சேமிப்பு தீரும்வரை வெளியே எதுவும் தெரியாது. அதனால்தான் இரத்தசோகை ஒரே நாளில் வருவதில்லை. பல ஆண்டுகளாக மெல்ல மெல்லச் சுரண்டுகிறது. உடலும் அதற்கேற்ப மெல்லத் தன்னைக் குறைத்துக்கொள்கிறது. மாடி ஏறுவதை நிறுத்திவிடுகிறோம். மாலையில் வெளியே போவதை நிறுத்திவிடுகிறோம். வயதாகிவிட்டது என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். அப்போது அக்காவுக்கு வயது முப்பத்து மூன்று.

உலக அளவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இரும்புச்சத்துக் குறைபாடு அதன் முக்கியமான காரணங்களில் ஒன்று. மூச்சுவாங்குதல், படபடப்பு, தலைவலி, முடி உதிர்தல், எளிதில் உடையும் நகம், இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுவது ஆகியவை இதன் அறிகுறிகள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சாக்பீஸ், மண், ஐஸ்கட்டி போன்றவற்றைத் தின்ன வேண்டும் என்ற அடக்க முடியாத ஆசை. வெட்கத்தால் யாரிடமும் சொல்லாமல் மறைப்பார்கள். அது விநோதப் பழக்கமோ மனக்கோளாறோ அல்ல. இரும்புக் குறைபாட்டில் நன்கு அறியப்பட்ட அறிகுறி அது.

பரிசோதனைக்குப் போனால் இரண்டு எண்களைப் புரிந்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின் என்பது குழாயில் வரும் தண்ணீர். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்பது தொட்டியில் இருக்கும் தண்ணீர். தொட்டி வற்றிக்கொண்டே போனாலும் குழாயில் கொஞ்ச காலம் தண்ணீர் வரும். கருவுறாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் இரத்தசோகை. கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக 11. ஃபெரிட்டின் 15க்குக் கீழே என்றால் தொட்டி காலி. 30க்குக் கீழே வந்தாலே சிகிச்சை தொடங்கும் மருத்துவர்கள் பலர். ஹீமோகுளோபின் 12.3, எல்லாம் சரி என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெண்ணின் ஃபெரிட்டின் 6 ஆக இருக்கக்கூடும். களைப்பு தீரவில்லை என்றால் ஃபெரிட்டினும் பார்த்துவிடலாமா என்று நீங்களே கேளுங்கள். தொற்றோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், காய்ச்சலோடு போய் எடுத்த அறிக்கையை மட்டும் நம்பி முடிவு செய்யக்கூடாது. ஃபெரிட்டின் நன்றாக இருந்தும் சிவப்பணுக்கள் சிறியதாக இருந்தால், அது தலசீமியா (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரைக் கோளாறு) மரபுக்கூறாக இருக்கலாம். அதற்கு இரும்பு மாத்திரை பயன்படாது.

மாத்திரை எழுதித் தந்தால் அதை முறையாகச் சாப்பிடுவது முக்கியம். தேநீர், காபி, கால்சியம் மாத்திரை மூன்றும் இரும்பை உறிஞ்சவிடாமல் தடுக்கும். இடையில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பாகப் போகும். அது மாத்திரையால் வருவது, பயப்பட வேண்டாம். மலச்சிக்கலும் குமட்டலும் பலரை மாத்திரையையே நிறுத்த வைத்துவிடுகின்றன. அப்போது நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடச் சொல்லலாம். ஒரு மாத்திரை சாப்பிட்டதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, சுமார் ஒரு நாளுக்குக் குடலின் கதவைப் பாதி மூடிவிடுகிறது. அது தணிந்த பிறகு சாப்பிட்டால் மாத்திரையிலிருந்து உறிஞ்சப்படும் பங்கு கூடுகிறது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் தொட்டி நிறைய வேண்டும் என்பதற்காகப் பொதுவாக மேலும் மூன்று மாதம் தொடரச் சொல்வார்கள். பலரும் தவறும் இடம் இதுதான்: களைப்பு குறைந்ததும் மாத்திரை அலமாரிக்குப் போய்விடுகிறது. அந்த அலமாரி குழந்தைகளின் கைக்கு எட்டாததாகவும் இருக்கட்டும். சிறு குழந்தைகள் இரும்பு மாத்திரைகளை அள்ளி விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

“அம்மாவுக்கும் இப்படித்தான்”

இரும்பு மாத்திரை ஓட்டை வாளியில் ஊற்றும் தண்ணீர். ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் ஊற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. கருப்பையில் நார்க்கட்டியோ சதை வளர்ச்சியோ இருக்கலாம். கருப்பைச் சுவருக்குள்ளேயே உட்சுவர்த் திசு வளர்ந்திருக்கலாம். தைராய்டு குறைவாக இருக்கலாம். முட்டை சரியாக வெளிவராமல் இருக்கலாம். காப்பர் கருத்தடைச் சாதனமோ இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தோ காரணமாக இருக்கலாம். ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் இவற்றில் பலவற்றைக் காட்டிவிடும். நார்க்கட்டி என்று கேட்டதும் புற்றுநோயோ என்று நடுங்க வேண்டாம். அது மிகப் பெரும்பாலும் தீங்கற்றது. ஐம்பது வயதுக்குள் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஏதோ ஓர் அளவில் வந்துவிடுகிறது. பலருக்கு அதனால் எந்தத் தொந்தரவும் இல்லை.

ஆனால் ஒரு காரணம் அடிக்கடி விட்டுப்போகிறது. “எங்கள் அம்மாவுக்கும் இப்படித்தான், பெரியம்மாவுக்கும் இப்படித்தான்” என்று ஆறுதலாகச் சொல்கிறோம். மருத்துவரின் காதுக்கு அது ஆறுதலாகக் கேட்காது, துப்பாகக் கேட்கும். 1926இல் பின்லாந்து மருத்துவர் எரிக் ஃபான் வில்லிபிராண்ட், ஓலண்ட் தீவுகளில் வாழ்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். அந்தக் குடும்பத்தில் பலருக்கு எளிதில் நிற்காத இரத்தக்கசிவு இருந்தது. ஐந்து வயதில் அவரிடம் வந்த சிறுமி, பின்னாளில் பூப்பெய்தி, தன் நான்காவது மாதவிடாயில் இரத்தம் நிற்காமல் இறந்துபோனாள். இரத்தம் உறைய உதவும் ஒரு புரதம் குறைவாக இருப்பதால் வரும் அந்தக் கோளாறு இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. பரம்பரையாக வரும் இரத்தக்கசிவு நோய்களில் மிகப் பரவலானது இதுதான். பெரும்பாலோருக்கு அது மிதமாகவே இருக்கும்; அதனாலேயே கண்டுபிடிக்கப்படாமல் போகிறது.

முதல் மாதவிடாயிலிருந்தே அதிகமாகப் போகிறதா? பல் பிடுங்கிய பிறகு நெடுநேரம் இரத்தம் கசிந்ததா? அடிபடாமலே உடம்பில் கன்றிப்போகிறதா? மூக்கிலிருந்து அடிக்கடி இரத்தம் வருகிறதா? பிரசவத்துக்குப் பின் அளவுக்கு மீறிப் போனதா? இவற்றில் ஒன்றிரண்டுக்கு ‘ஆம்’ என்றாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்கள் மகளுக்கு முதல் சில மாதவிடாய்களே பள்ளிக்குப் போக முடியாத அளவுக்கு இருந்தால், “போகப் போகச் சரியாகிவிடும்” என்று காத்திருக்காதீர்கள்.

சிகிச்சை என்றதும் கருப்பையை எடுத்துவிடுவார்கள் என்ற பயம் பலரைத் தடுக்கிறது. அது கடைசிப் படி. பெரும்பாலோருக்கு அது வரை போகத் தேவையில்லை. இரத்தப்போக்கு நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்சாமிக் அமில மாத்திரை அளவை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கக்கூடும். இரத்தநாளத்தில் இரத்தம் கட்டியாக உறைந்த வரலாறு உள்ளவர்கள் அதைச் சாப்பிடக்கூடாது. மெஃபெனமிக் அமிலம் வலியையும் போக்கையும் சேர்த்துக் குறைக்கும். ஹார்மோன் மாத்திரைகள் உண்டு. கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனம் மருந்து வழிகளில் மிகவும் பலன் தருவது. அக்காவுக்கு அதைத்தான் பொருத்தினார்கள். “ஆபரேஷன் இல்லையா டாக்டர்?” என்று இருமுறை கேட்டுவிட்டு அவர் விட்ட பெருமூச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே கருப்பை அகற்றும் அறுவை சிகிச்சை என்று யாராவது சொன்னால், வேறு என்ன வழிகள் இருக்கின்றன என்று கேட்கவும் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு.

வலி

மாதவிடாய் வலிக்குப் பெரும்பாலும் காரணம் ப்ரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். அது கருப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. போக்கு தொடங்கும்போது தொடங்கி இரண்டு மூன்று நாளில் அடங்கும் வலி இந்த வகை. இபுப்ரோஃபென், மெஃபெனமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் அந்த வேதிப்பொருள் உருவாவதையே தடுக்கின்றன. அதனால் வலி உச்சத்துக்குப் போனபின் விழுங்குவதைவிட, தொடங்கும்போதே உணவுக்குப் பின் சாப்பிடுவது பலன் தரும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், இத்தகைய மாத்திரைகளால் மூச்சிரைப்பு வருபவர்களும் இவற்றைத் தவிர்க்க வேண்டும். அடிவயிற்றில் வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுப்பதும் நல்ல நிவாரணம் தரும்; அதைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

மாத்திரைக்கு அடங்காத வலி வேறு கதை. ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போவது, மாதவிடாய்க்குப் பல நாள் முன்பே தொடங்குவது, உறவின்போதோ மலம் கழிக்கும்போதோ குத்தி இழுப்பது, கூடவே குழந்தைப்பேறு தள்ளிப்போவது இவையெல்லாம் எண்டோமெட்ரியோசிஸைச் சுட்டலாம். கருப்பை உட்சுவரைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய் அது. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். ‘ஸ்கேன் சரியாக இருக்கிறது, வலியெல்லாம் பிரமை’ என்று அனுப்பப்பட்டுப் பல ஆண்டுகளை இழந்த பெண்கள் ஏராளம். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. வலியால் மாதத்துக்கு ஒருநாள் வேலையோ வகுப்போ தடைபடுகிறது என்றால், அது தாங்கிக்கொள்ள வேண்டியது அல்ல, சிகிச்சை பெற வேண்டியது.

தேதி தவறினால்

முதலில் கர்ப்பப் பரிசோதனை. வாய்ப்பே இல்லை என்று நினைத்தாலும் அதைச் செய்துவிடுங்கள். இல்லை என்று தெரிந்தபின் தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), திடீர் எடை மாற்றம், கடும் உடற்பயிற்சி, மன அழுத்தம் என்று பார்த்துக்கொண்டு வரலாம்.

பிசிஓஎஸ் (சூலகப் பல நீர்க்கட்டி நோய்க்குறி) என்ற பெயர் இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது. பெயரில் இருக்கும் ‘நீர்க்கட்டி’ என்ற சொல் செய்த கெடுதல் அதிகம். ஸ்கேனில் தெரிபவை உண்மையில் கட்டிகள் அல்ல; பாதி வளர்ந்து நின்றுபோன முட்டைப் பைகள். வெடித்துவிடுமா, எடுத்துவிட வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் இல்லை. மாதவிடாய் தள்ளிப்போவது, ஆண் ஹார்மோன் மிகுதியால் முகத்தில் முடியோ கடும் பருவோ வருவது, ஸ்கேனில் அந்தத் தோற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருந்து, வேறு காரணங்களும் இல்லை என்று உறுதியானால்தான் பிசிஓஎஸ் என்பார்கள். ஸ்கேன் மட்டும் போதாது. பதின்வயதுப் பெண்களுக்கு ஸ்கேனை வைத்து முடிவு செய்யவே கூடாது. அந்த வயதில் அத்தகைய தோற்றம் இயல்பாகவே இருக்கும்.

எடை கூடியிருப்பவர்களுக்கு உடல் எடையில் ஐந்து சதவீதம் குறைந்தாலும் சுழற்சி சீராகத் தொடங்கலாம். ஒல்லியானவர்களுக்கும் பிசிஓஎஸ் வரும் என்பதால் எல்லாவற்றுக்கும் எடையைக் குறை சொல்லிவிடவும் முடியாது. கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. சர்க்கரை அளவை அவ்வப்போது பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராமல் விடக்கூடாது. வெளியேறாமல் தங்கும் உட்சுவர் தடித்துக்கொண்டே போய்ப் பின்னாளில் ஆபத்தாகலாம்.

வெள்ளைப்படுதலும் சிறுநீர் எரிச்சலும்

வெள்ளைப்படுதல் நோய் அல்ல. சுழற்சியின் நடுவில் வழுவழுப்பாகவும், மற்ற நாட்களில் சற்றுக் கெட்டியாகவும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் ‘சத்து’ வெளியேறுகிறது, எலும்பு தேய்கிறது என்பதெல்லாம் உண்மையல்ல. அரிப்போடு தயிர்த்திரள்போல வந்தால் பூஞ்சைத் தொற்று; சாம்பல் நிறத்தில் மீன் வாடையோடு வந்தால் பாக்டீரியாச் சமநிலை குலைந்திருக்கிறது; மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்தால் உறவு வழி பரவும் தொற்றாக இருக்கலாம், அப்போது துணைவருக்கும் சிகிச்சை வேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. கடையில் கேட்டு ஒரே களிம்பைத் திரும்பத் திரும்பப் போடுவதில் பயனில்லை. பெண்ணுறுப்பின் உட்பகுதி நல்ல பாக்டீரியாக்களின் துணையோடு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். வெளிப்பகுதியைத் தண்ணீரால் கழுவினால் போதும். வாசனைத் திரவங்களும் உள்ளே பீய்ச்சிக் கழுவுவதும் அந்தக் காவலைக் கலைத்துவிடுகின்றன.

சிறுநீர் எரிச்சல் பெண்களுக்கு அடிக்கடி வருவதற்குச் சுத்தக்குறைவு காரணமல்ல, உடலமைப்பு. பெண்களின் சிறுநீர்க்குழாய் சுமார் நான்கு சென்டிமீட்டர்தான். ஆசனவாயில் இருக்கும் கிருமிக்கு அது குறுகிய பயணம். முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். சிறுநீரை அடக்காதீர்கள். உறவுக்குப் பின் சிறுநீர் கழியுங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்புற வலி, வாந்தி சேர்ந்தால் தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். போன முறை மீந்த ஆன்டிபயாடிக்கைச் சாப்பிடாதீர்கள்.

காத்திருக்கக் கூடாதவை

மாதவிடாய் நின்று பன்னிரண்டு மாதம் முழுதாகக் கழிந்த பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் அதைக் காட்ட வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. “மறுபடியும் வந்துவிட்டது போலிருக்கிறது, உடம்பு நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்” என்று மகிழ்ந்த ஒரு மூதாட்டியை எனக்குத் தெரியும். பெரும்பாலும் வறண்டு மெலிந்த உட்சுவரே காரணமாக இருக்கும். ஆனால் சுமார் பத்தில் ஒருவருக்கு அது கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி. ஆரம்பத்திலேயே வெளியே தெரிந்துவிடும் புற்றுநோய் அது. அந்த வாய்ப்பை நழுவவிடக் கூடாது.

உறவுக்குப் பின் இரத்தம் வருவதும், இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் வருவதும் அப்படித்தான். கருப்பைவாயைப் பார்த்துவிட வேண்டும். கருப்பைவாய்ப் புற்றுநோய் அநேகமாக முழுவதும் ஹெச்பிவி என்ற வைரஸால் வருவது. தடுப்பூசி இருக்கிறது. புற்றுநோயாக மாறப் பல ஆண்டுகள் ஆவதால், பரிசோதித்து முன்கூட்டியே கண்டுபிடிக்கவும் முடிகிறது. 35 வயதுக்குள் ஒருமுறை, 45 வயதுக்குள் மீண்டும் ஒருமுறையாவது பரிசோதிக்கப்பட்ட பெண்கள் 70 சதவீதமாக வேண்டும் என்பது 2030க்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு. தொந்தரவு எதுவும் இல்லாதபோது செய்துகொள்ள வேண்டிய பரிசோதனை இது.

மார்பகத்தில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அதைக் கையால் தொட்டு நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள், அவ்வளவுதான். தோல் குழிவது, காம்பு புதிதாக உள்ளிழுப்பது, காம்பிலிருந்து இரத்தம் கசிவது ஆகியவற்றையும் காட்டுங்கள். வலி இல்லை என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் ஒருபக்கம் கடும் வலியோ, தலைசுற்றலோ, தோள்முனை வலியோ வந்தால் நேரே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். கரு, கருப்பைக்குப் போகாமல் சினைக்குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்திருக்கலாம். இங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

மருத்துவரிடம் போகும் முன்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி மூன்று மாதவிடாய் தொடங்கிய தேதிகளை முதல் வரியில் எழுதுங்கள். அடுத்த வரியில் அவை நீடித்த நாட்கள். அதன் கீழே, மிக அதிகமாகப் போகும் நாளில் மாற்றிய நாப்கின்களின் எண்ணிக்கை, இரவில் எழுந்தது எத்தனை முறை, கட்டி விழுந்ததா என்பது. வலி எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் நின்றது, என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள், அது கேட்டதா? அம்மாவுக்கும் அக்கா தங்கைகளுக்கும் இப்படி இருந்ததா? தற்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயரும் அதில் இருக்கட்டும். மருத்துவரின் அறையில் பதற்றத்தில் பாதி மறந்துவிடும், கூச்சத்தில் மீதி தொண்டையிலேயே நின்றுவிடும். தாளை நீட்டினால் போதும்.

உள்பரிசோதனைக்கு முன் அது எதற்கு என்று கேட்கலாம். ஒரு பெண் உடனிருக்க வேண்டும் என்று சொல்லலாம். நடுவில் வலித்தால் நிறுத்தச் சொல்லலாம். கிளம்பும்போது, “இது சரியாகவில்லை என்றால் எத்தனை நாளில் மறுபடி வர வேண்டும்?” என்று கேட்டு, அந்தத் தேதியையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.